அறுபது மில்லி கங்கை

கைப்பையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று எனக்கு இப்போது யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீராக இருப்பது எதுவும் ஒரு குப்பியில் நூறு மில்லிக்கு மேல் போகக் கூடாது. குப்பிகள் எல்லாம் உள்ளே இருப்பது தெரியும், திறந்து மூடும் ஒரே கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும். பற்பசையும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும், முகக் களிம்பும் அப்படித்தான். கத்தி, கத்தரிக்கோல் கூடாது. இதையெல்லாம் நான்கே நாளில் மனப்பாடம் செய்தேன். என் தம்பி பெர்த் நகரத்து மருத்துவமனையில் படுத்திருந்தான். அவன் வாயில் விட வேண்டிய தண்ணீர் என் பையில் இருந்தது.

அவனுக்கு ஈரலில் புற்றுநோய். ஒரு வருடமாக எல்லா மருந்தும் பார்த்தாயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை, நான் கிள்ளானில் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தபோது தம்பி மனைவி கூப்பிட்டாள். "அக்கா, வரதா இருந்தா இப்பவே வந்துருங்க. அடுத்த வாரம் முழுசா தாங்காதுன்னு சொல்றாங்க" என்றாள். அழவில்லை. அழுது முடித்தவள் குரல் அது. என் எதிரே ஒரு பெண் கைப்பேசியில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாதபோது எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்மேல்தான் கோபம் வரும்.

திங்கட்கிழமை மதிய விமானத்தில் இடம் கிடைத்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. இரண்டு முட்டியும் போய்விட்டன. வாசல் படி இறங்கவே என் தோள் வேண்டும். "நானும் வரேன்" என்று சொல்வாள், சமாளிக்க வேண்டும் என்று பயந்துகொண்டே வந்திருந்தேன். சொல்லவில்லை. மெதுவாக எழுந்து சாமி மேடைக்குப் போய், அந்தச் செம்புச் சொம்பை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

அந்தச் சொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடங்களுக்கு முன்னால் கோவில் கூட்டத்தோடு காசிக்குப் போன அப்பா இரண்டு கங்கைச் சொம்புகள் வாங்கி வந்தார். பெரிய எலுமிச்சம்பழ அளவுதான் ஒவ்வொன்றும். நாம் பிடித்துக் கொடுக்கும் கங்கைத் தண்ணீரை நிரப்பி, வாயில் தகடு வைத்து ஈயத்தால் பற்ற வைத்துத் தருவார்கள். உயிர் பிரியும் நேரத்தில்தான் அதை உடைக்க வேண்டும். அதற்கு முன்னால் திறக்கக் கூடாது, குலுக்கிப் பார்க்கக் கூடாது. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. ஏதோ பல் துலக்கும் பிரஷ் வாங்கி வந்தவர் மாதிரி, "இது ஒனக்கு, இது எனக்கு" என்று அப்பா பிரித்து வைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்பா போனபோது அம்மாதான் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சின்னக் கத்தியால் அந்தத் தகட்டை நெம்பினாள். உள்ளே தண்ணீர் இருந்தது. செம்பு வாசனை அடித்தது. மூன்று சொட்டு விட்டோம், நல்லபடியாக இறங்கியது. அன்றிலிருந்து மேடையில் ஒரு சொம்புதான். அது அம்மாவுடையது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்து அம்மா அதைப் பளபளவென்று வைத்திருப்பாள்.

"இது ஒன்னோடதும்மா" என்றேன்.

"எனக்கு என்ன இப்ப. அவனுக்குக் குடு."

"பிரிக்பீல்ட்ஸ்ல பூசைச் சாமான் கடையில புதுசே விக்கிறாங்கம்மா. நாளைக்கு ஒண்ணு வாங்கிட்டு வரேன்."

"அது எந்தக் கொழாத் தண்ணியோ. இது ஒங்கப்பா எறங்கி நின்னு புடிச்சது. கண்ணால பாத்து அடைச்சது." பிறகு விரலை நீட்டி, "இதைப் பெரிய பெட்டியில போட்டுடாத. கீழ போற பெட்டியில எவன் செருப்பு எவன் சப்பாத்துன்னு எல்லாம் கெடக்கும். கையிலயே கொண்டு போ" என்றாள்.

அங்கேதான் என் தலைவலி ஆரம்பித்தது.

மறுநாள் ஆபீசில் விசாரித்தேன். நான் முப்பத்தோரு வருடமாக ஒரு வழக்கறிஞர் ஆபீசில் குமாஸ்தா. பக்கத்து மேசைக்காரி வருடா வருடம் லண்டனுக்கு மகளைப் பார்க்கப் போகிறவள். விமான நிலைய விதிகளில் அவளைக் கேட்டுத்தான் அதிகாரிகளே நடப்பது போலப் பேசுவாள். "நூறு மில்லிக்குள்ள இருக்கணும், எவ்வளவுன்னு குப்பி மேல எழுதியிருக்கணும். எழுதலன்னா குப்பைத் தொட்டியில போட்டுருவாங்க. எங்கிட்ட ஒரு முழு பாட்டில் நல்லெண்ணெய் புடுங்கிட்டாங்க லா" என்றாள். சொம்பின்மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு பக்கம் தேய்ந்துபோன ஓம் மட்டும் இருந்தது.

"பேசாம ஒடைச்சு, சின்ன பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போ" என்றாள் அவள். நியாயமான யோசனைதான். மருந்துக் கடையில் நூறு மில்லி பயணக் குப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா குப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இங்க ஒடைச்சா, அவன் இங்கயே முடிஞ்சிட்டான்னு அர்த்தம்" என்றாள். குப்பியைக் கைப்பையில் ஒரு மூலையில் போட்டேன்.

சனிக்கிழமை அளந்து பார்த்தேன். சொம்பைக் குழாய்த் தண்ணீரில் முக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி, அளவு போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து அதில் இறக்கினேன். மிதந்தது. பைக்குள் காற்று மாட்டிக்கொண்டது என்று எனக்கு எரிச்சல். விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தேன். எழுபத்தைந்து மில்லி ஏறியது. செம்பின் கனத்தைக் கழித்து, உள்ளே அறுபது மில்லி என்று முடிவு செய்தேன். நூறுக்கு நன்றாகக் கீழே. அந்த வாரத்தில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

மிதந்ததைப் பற்றி நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அளவு தெரிந்தாயிற்று, அதிகாரிகள் நம்ப வேண்டுமே. ஆபீசில் எந்தச் சிக்கல் வந்தாலும் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: காகிதம். வெள்ளிக்கிழமையே வரைவு போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்குப் போய், மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு சத்தியப் பத்திரம் தட்டினேன். அடையாள அட்டை எண் இன்னது உடைய நான், இந்த முத்திரையிட்ட செம்புப் பாத்திரத்தில் மதச் சடங்குக்கான புனித நீர் சுமார் அறுபது மில்லி லிட்டர் உள்ளது என்றும், இது மரணத் தறுவாயில் உள்ள என் சகோதரனுக்காகக் கொண்டு செல்லப்படுகிறது என்றும் மனசாட்சிப்படி உறுதி கூறுகிறேன். திங்கட்கிழமை காலை, சத்தியப் பத்திரங்களுக்கு முத்திரை போடும் பெரியவரின் அறை திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். அவர் என்னை இருபது வருடமாகப் பார்க்கிறவர். படித்தார். நான் உரக்கச் சத்தியம் செய்தேன், கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரை குத்தினார். தம்பி மனைவி அனுப்பிய மருத்துவமனைக் கடிதத்தையும் பின்னால் குத்தி மூன்று பிரதி எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலமே அம்மா வரைவை வாங்கிப் புரட்டியிருந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் வாசிக்க வராது.

"என்ன எழுதியிருக்க? வாசி."

சடங்கு என்றேன், தண்ணீர் என்றேன், அறுபது மில்லி என்றேன். சகோதரன் என்று வந்ததும் நிறுத்தினேன்.

"சாகப் போறான்னு எழுதியிருக்கியா?"

"அப்படி எழுதினாத்தாம்மா விடுவாங்க."

அம்மா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுது, எழுது. எல்லாரும் எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சின்னக் கத்தியைக் கொண்டு வந்தாள், அப்பாவுக்கு நெம்பிய அதே கத்தி. அதைக் கொண்டுபோக முடியாது என்று புரிய வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. துளசி இலையும் அந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள் என்றேன். திருநீறு மட்டும் ஒரு சின்னப் பொட்டலம் என்று பேரம் முடிந்தது. "என்ன ஊருடா அது, சாகறவனுக்கு ஒரு துளசி எல கூட விடமாட்டானா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவளும் சொல்லிவிட்டாள், சாகறவன் என்று. சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

சிப்பாங் விமான நிலையத்தில் நான் சரியாகத்தான் செய்தேன். கண்ணாடிப் பையைத் தனியாக எடுத்துத் தட்டில் வைத்தேன். அதில் இருமல் மருந்து, களிம்பு, காலிக் குப்பி, நடுவில் சொம்பு. பத்திரம் கையில் தயாராக இருந்தது. தட்டு இயந்திரத்துக்குள் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி போனது. சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும், தட்டைத் தனியாக ஒதுக்கினாள். சாமியே என்று நினைத்துக்கொண்டு பத்திரத்தை நீட்டினேன்.

"இது என்னா ஆன்டி?"

"கங்கைத் தண்ணி மா. சீல் வச்சது. அறுபது மில்லிதான். சத்தியப் பத்திரம் இருக்கு பாரு, எங்க தம்பி..."

அவள் பத்திரத்தை வாங்கவில்லை. சொம்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரையைக் காட்டினாள். "இதுல தண்ணி இல்லையே ஆன்டி."

"இருக்கு மா."

"இங்க பாருங்க. இது ஒங்க இருமல் மருந்து. உள்ள கலர் ரொம்பித் தெரியுதா? இது சொம்பு. ஓரத்துல கோடு மட்டும்தான் தெரியுது. உள்ள கோசோங். ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாரு மா. அடைச்சு வச்சது. எங்கப்பா கண்ணால பாத்து அடைச்சது." என் குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். இன்னொரு தடவை விட்டுப் பார் என்றேன். பாவம், விட்டாள். அதே கோடுதான்.

"ஆன்டி, எல்லாரும் தண்ணி இல்லன்னு எங்கிட்ட சண்டை போடுவாங்க. நீங்க இருக்குன்னு சண்டை போடறீங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "கொண்டு போங்க ஆன்டி. இதுல ஒரு பிரச்சனையும் இல்ல" என்று சொம்பை என் உள்ளங்கையில் வைத்தாள்.

விமானத்துக்குக் காத்திருந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முதல் முறையாகக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். அடிப்பாகத்தில், அடித்தகட்டைப் பற்ற வைத்திருந்த வளையத்தில், ஈயம் வெள்ளையாகத் தேய்ந்து ஓர் ஊசி முனை அளவுக்குத் துளை இருந்தது. சாமி மேடைப் பலகையில் சொம்புக்குக் கீழே எப்போதும் ஒரு பச்சைக் கறை இருக்கும். விளக்கெண்ணெய் வழிந்தது என்று நானே எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன். முப்பது வருடம், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, புளி. அம்மா தேய்த்துத் தேய்த்தே தன் தண்ணீரை வெளியேற்றியிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தம்பி செய்தி வந்த நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

கைப்பேசி அடித்தது. அம்மா. என் நம்பரைத் தேடிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்கா கூட இருந்தார்.

"விட்டாங்களா?"

"விட்டுட்டாங்கம்மா."

"தொறந்து பாக்கலையே?"

"இல்லம்மா."

"நான் சொன்னேன்ல" என்றாள் அம்மா. அந்த வாரம் முழுக்க அவள் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்கவில்லை. நான் சொன்ன இரண்டும் உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றலாம் என்று வழக்கறிஞர் ஆபீசில் இருப்பவளுக்குத் தெரியாதா?

நான் பெர்த் போய்ச் சேர்ந்தபோது தம்பி உயிரோடுதான் இருந்தான். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணைத் திறந்து, "அம்மா வரலையா?" என்றான். "முட்டி முடியலடா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலை மூச்சு மாறிவிட்டது. தாதி வந்து பார்த்துவிட்டு, கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடுங்கள் என்றாள்.

கூப்பிட வேண்டியவள் கிள்ளானில் கைப்பேசித் திரையில் காத்திருந்தாள். அவளுக்குச் சொம்பை உடைப்பதைப் பார்க்க வேண்டும். நான் முதலில் அறையை ஒட்டிய குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தேக்கரண்டிப் பிடியால் தகட்டை நெம்பினேன். பத்திரத்தில் நான் சத்தியம் செய்த அறுபது மில்லி இருந்த இடத்தில் பச்சைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. கழுவு தொட்டிக் குழாயைத் திறந்து நிரப்பினேன். தகட்டைத் திரும்ப மேலே வைத்து, அடியிலிருந்த துளையை விரலால் அடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நெம்பு, மெதுவா நெம்பு" என்றாள் அம்மா திரையில். நெம்புவது போல நெம்பினேன். "தண்ணி இருக்கா?"

"இருக்கும்மா."

மூன்று சொட்டு விட்டேன். ஒன்று கூட இறங்கவில்லை. கடைவாயோரம் வழிந்து தலையணையில் போனது. விரலையும் மீறி என் மணிக்கட்டில் தண்ணீர் ஓடி முழங்கை வரை நனைந்தது. தம்பி மனைவி அதைப் பார்த்தாள். ஒரு துணியை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டாள்.

"எறங்கிச்சா?" என்றாள் அம்மா.

"எறங்கிச்சும்மா."

அம்மா கும்பிட்டாள். கொஞ்ச நேரம் திரையில் அவள் நெற்றியும் திருநீறும் மட்டும் தெரிந்தன. பிறகு, ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்கிறவள் போலக் குரலைத் தாழ்த்தி, "மிச்சம் இருந்தா கொட்டிடாதம்மா. எனக்குக் கொஞ்சம் கொண்டா" என்றாள்.

மத்தியானம் தம்பி போய்விட்டான். அங்கேயே எரித்தோம்.

சொம்பில் மிஞ்சிய அந்த மருத்துவமனைக் குழாய்த் தண்ணீரை அன்றே மருந்துக் கடைக் குப்பியில் ஊற்றி வைத்தேன். திரும்பி வரும்போது மேலே 60 மில்லி என்று மையால் எழுதி, கண்ணாடிப் பையில் போட்டுக்கொண்டேன். பெர்த்தில் ஓர் அதிகாரி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தட்டில் திரும்ப வைத்தார். எழுதியது, அளவு, மூடி, எல்லாம் விதிப்படி இருந்தது. ஒரு கேள்வி இல்லை.

அதன் பிறகு இரண்டு முறை பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பூசைச் சாமான் கடை வரை போயிருக்கிறேன். அடைத்த சொம்பு ஒன்று வாங்கி யாருக்கும் தெரியாமல் தண்ணீரை மாற்றிவிடலாம் என்று நினைப்பு. இரண்டு முறையும் கையில் எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தம்பி உதட்டில் பட்ட தண்ணீரின் மிச்சம் என்பதாவது உண்மைதானே என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை.

குப்பி இப்போது சாமி மேடையில், பச்சைக் கறையின்மேல் இருக்கிறது. இனி ஒரு நாள் நான்தான் அந்த மூடியைத் திறந்து அம்மாவின் வாயில் விட வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, கண் சரியாகத் தெரியாததால் அம்மா என்னைக் கேட்பாள்.

"தண்ணி கொறையலையே?"

"இல்லம்மா. அப்படியே இருக்கு."

பிளாஸ்டிக் ஒழுகாது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.